என் மகனை ஏலம் விட்ட கதை

ஓடி வந்து பந்து எறிவதும் ஒரு பிழைப்பு என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பதில்லை. சிரிக்கிற அளவுக்குக்கூட அந்தத் தொழிலை நான் மதித்தது கிடையாது. நான் பிறந்த ஊர் சிலமலை, போடிக்குப் பக்கம். கிணறும் தோப்பும் வைத்து, ஆள் விட்டு வெள்ளாமை பார்த்த வீடு. வாக்கப்பட்டது போடியில், மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டமும் கீழே டவுனில் வீடும் உள்ள குடும்பத்தில். இரண்டு பக்கத்திலும் எத்தனையோ விதமான ஆண்பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். சீட்டாடித் தோப்பைத் தோற்றவன் இருந்தான். சாமியாராகப் போகிறேன் என்று பழனி வரை போய், பசி தாங்காமல் மறுநாளே திரும்பியவன் இருந்தான். பந்து எறியப் போனவன் என் மகன் ஒருவன்தான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம்.

மலையில் சமதரை கிடையாது. எங்கள் தோட்டத்தில் மிளகு காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்றுதான் தட்டையான இடம். அதற்கு மேலே ஜீப்பு வரும் சரிவுப் பாதை, அதற்கு எதிரே காய் உலர்த்தும் ஸ்டோர். லீவுக்கு மலைக்கு வந்தால் இவன் அந்தச் சரிவின் மேலே போய் நின்றுகொள்வான். அங்கிருந்து கட்டு அறுத்த காளை மாதிரி இறங்கி ஓடி வருவான். கீழே விழாமல் இருக்க உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டே வந்து, களத்தின் விளிம்பில் ஒரு குதி குதித்துப் பந்தை விடுவான். எதிரே மட்டை பிடித்து நிற்க எந்தப் பிள்ளையும் துணியாது. ஆகையால் எல்லாப் பந்தும் ஸ்டோரின் தகரக் கதவில்தான் விழும். அந்தக் கதவை இன்னும் மாற்றவில்லை. அம்மை வார்த்த முகம் மாதிரி நிற்கிறது.

பிறகு ஊர் ஊராகப் போய் ரப்பர் பந்துப் போட்டி ஆடினான். ஆள் உயரத்துக்குக் கோப்பை கொடுப்பார்கள். உள்ளே பார்த்தால் பிளாஸ்டிக், மேலே தங்கப் பேப்பர். ஒரு ஊரில் மட்டும் கோப்பைக்குப் பதிலாக ஒரு ஆட்டுக்கிடாய் கொடுத்தார்கள். அது வந்த அன்றைக்கே என் செவ்வந்திச் செடியைத் தின்றது. இருந்தாலும், அந்தத் தொழிலில் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததிலேயே உருப்படியான பொருள் அந்தக் கிடாய்தான் என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மதுரைக்குப் போனான். அங்கிருந்து சென்னைக்கு. அங்கே ஒரு கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். நல்லது, மனிதனாகிவிட்டான் என்று நினைத்தேன்.

"ஆபீசுல என்ன சோலிப்பா?" என்று கேட்டேன்.

"பந்து போடுறதுதான் ஆத்தா ஆபீஸ் சோலி. அவங்க டீமுக்குப் போடணும்."

சம்பளம் கொடுத்துப் பந்து போடச் சொல்கிற ஆபீஸ் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பட்டணத்தில் எல்லாம் நடக்கும்.

ஒரு தடவை ஊருக்கு வந்தபோது புது ஷூ வாங்கி வந்திருந்தான். பார்த்தாலே விலை தெரிகிற ஷூ. முற்றத்தில் உட்கார்ந்து, காய்கறி நறுக்குகிற என் கத்தியை எடுத்து, இடது கால் ஷூவின் முன்பக்கத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"புதுசுல ஏண்டா ஓட்டை போடுற?"

"ஓடி வந்து இந்தக் காலை ஊன்றப்ப பெருவிரல் முன்னாடி போய் இடிக்கும் ஆத்தா. ஓட்டை போடலேன்னா நகம் போயிரும்."

காலைப் பார்த்தேன். நகம் ஏற்கெனவே போயிருந்தது. இருந்த இடத்தில் கறுத்த தோல்தான் இருந்தது. எங்கள் தோட்டத்தில் அட்டைக் கடியிலும் மழையிலும் நாளெல்லாம் காய் எடுக்கிற பெண்களுக்குக்கூட நகம் பத்திரமாக இருக்கிறது. இவன் ஆபீஸ் வேலை பார்த்து நகத்தைக் கொடுத்திருக்கிறான்.

அப்புறம் மாநில அணியில் எடுத்தார்கள். வந்து பார் என்று ஒரே நச்சரிப்பு. போனேன். கல்யாண மண்டபம் மாதிரி எத்தனையோ மண்டபங்களை அடுக்கி வைத்த பெரிய இடம், ஆனால் பந்தியில் ஆள் இல்லாத கல்யாணம். அங்கொருவர் இங்கொருவர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காகங்கள்தான் கூட்டம். இந்த ஆட்டம் நாலு நாள் நடக்குமாம். என் மகன் வெயிலில் ஓடி ஓடி வந்து பந்து போட்டான். எதிரே இருந்தவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு அதைத் தொடாமலே விட்டான். உடனே மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். தொடவே இல்லையே, இதற்கு எதற்குக் கைதட்டு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். நல்ல பந்தும்மா, அதனால்தான் தொடவில்லை என்றார். அவன் மறுபடியும் அவ்வளவு தூரம் நடந்துபோய் மறுபடியும் ஓடி வந்தான். மறுபடியும் ஒருவரும் தொடவில்லை. இதைச் சாயங்காலம் வரை பார்த்தேன்.

அங்கே இருந்த பெரியவர்கள் அவனுடைய ஓட்டத்தை மாற்றப் பார்த்தார்களாம். சமதரையில் ஓடி வந்தாலும் இவன் சரிவில் இறங்குகிறவன் மாதிரி பின்னுக்குச் சாய்ந்துதான் ஓடுவான். அதனால் காலடிக் கணக்குத் தப்பிக் கோட்டைத் தாண்டிவிடுவான். தாண்டினால் அந்தப் பந்து செல்லாது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், கோட்டைத் தாண்டாமல் பழகிக்கொண்டானே தவிர சாய்வு போகவில்லை. மலைச் சரிவு அவன் முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அந்த முதுகுதான் போனது.

அதற்கு முன்னால் ஊர்க்காரர்களின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பெண் கேட்டு ஆள் விட்டபோது ஒரு வீட்டில், "மாப்ள என்ன சோலி பாக்குறாக?" என்றார்கள். "கிரிக்கெட்டுல பந்து போடுறான்" என்றேன். "அது சரிங்க, சோலி என்ன பாக்குறாக?" என்று திரும்பக் கேட்டார்கள். எனக்கே அது நியாயமான கேள்வியாகப் பட்டதால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறு வருஷமே டிவியில் வருகிற அந்தப் பெரிய போட்டிக்கு, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிற இடத்தில், ஒரு அணி என் மகனை எடுத்தது. அவ்வளவுதான். வெடி போட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரை அவன் முகத்தை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டினார்கள். 'போடியின் புயலே' என்று எழுதியிருந்தது. புயல் எங்கள் மலைக்கு வந்தால் ஏலச் செடித் தட்டை எல்லாம் சாய்ந்து அந்த வருஷக் காய் போய்விடும், அதை வாழ்த்தாக எழுதியவனை என்ன சொல்ல. காபி குடித்த வீட்டிலிருந்து ஜாதகம் தானாக வந்தது. நான் திருப்பி அனுப்பினேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவர் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரருடைய தம்பி. போடியில் ஏலக்காய் வியாபாரி. ஒரு பிடி காயை உள்ளங்கையில் போட்டு உருட்டினால் அது எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவேன் என்பார். ஒருநாள் எங்கள் காயையே கொடுத்துக் கேட்டேன். எங்கேயோ தூரத்துத் தோட்டத்துக் காய் மதினி, வாசனை பத்தாது என்றார். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை அவர் விடவில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். ஆனால் குடும்பத்துக்கு ஆண் தலை தான்தான் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன், செலவில்லாத காரியம்.

அந்த முதல் தடவை என் மகனைக் குறைந்த விலைக்குத்தான் எடுத்தார்கள். சட்டை கொடுத்தார்கள், ஹோட்டலில் வைத்துச் சோறு போட்டார்கள், ஆனால் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தெருவே டிவியில் பார்த்துக் கைதட்டியது. தண்ணீர் கொடுக்கப் போகிறான் என்று தெரியாமல், இறங்கிட்டான் இறங்கிட்டான் என்று கத்தினார்கள். சில ஆட்டங்களில் பந்தும் போட்டான். ஒன்றில் நன்றாகப் போட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் முதுகெலும்பில் கீறல் விட்டுவிட்டது.

குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் என் மகன் இந்த வீட்டில் கிடந்ததைப் பார்க்கப் 'போடியின் புயலே' என்று எழுதிய ஒருவரும் வரவில்லை. விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்திருந்த பள்ளிக்கூடம், அவனுக்குப் பதிலாக ஏதோ சீரியலில் வில்லனாக வருகிறவரைக் கூட்டிவந்தது. ஜாதகங்கள் நின்றன. ஃப்ளெக்ஸ் மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் அதையும் யாரோ கோழிக்கூண்டுக்கு மறைப்பாகக் கட்டிக்கொண்டார்கள். கோழிகளுக்காவது அவனால் நிழல் கிடைத்தது.

எழுந்தான். மறுபடி நடந்தான், மறுபடி ஓடினான். பழைய வேகம் வந்துவிட்டது என்று மாநில அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பெரிய போட்டிக்கு ஏலம் மறுபடியும் வந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"இந்தத் தடவை எவனாச்சும் எடுத்தாத்தான் ஆத்தா. இல்லேன்னா எடுக்கவே மாட்டாய்ங்க. என்னைய விடச் சின்னப் பயலுக வந்துட்டாய்ங்க."

"எடுக்கலேன்னா வந்து தோட்டத்தைப் பாரு."

பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். தோட்டம் எங்கேயும் ஓடிவிடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் ஓட்டம்தான் முடிந்துவிடும்.

அந்த ஏலத்தில் ஆட்டக்காரன் தன் ஆரம்ப விலையைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது. சென்னையில் அவனுக்கு ஒரு ஏஜெண்டு உண்டு. அவர் போனில் பேசியதை எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான். கொழுந்தனாரும் இருந்தார்.

"சார், எவ்வளவு குறைச்சு வைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சு வச்சிடுங்க," என்றார் ஏஜெண்டு. "முதுகு அடிபட்ட பவுலர். விலை கம்மின்னா கடைசி நேரத்துலயாவது ஒருத்தர் கை தூக்குவாங்க. இப்போதைக்கு உள்ள போனா போதும் சார்."

கொழுந்தனார் போனை வாங்கி, "சரிங்க, நாங்க பேசிக்கிர்றோம்" என்று அணைத்தார்.

"இவனுக்கு என்னா தெரியும், மெட்ராஸ்காரன். ஏன் அப்பு, நம்ம மூட்டையை நாமளே அடிமாட்டு வெலைக்கு எறக்கி வச்சா வாங்குறவன் என்னா நெனப்பான்? உள்ள பூசணம்ண்டு நெனப்பான். வெலையைத் தூக்கி வய்யி. அப்பத்தான் கையில எடுத்துப் பாப்பான்."

"காயும் நானும் ஒண்ணா சித்தப்பா?"

"ஏலத்துக்குப் போயிட்டா எல்லாம் சரக்குதான் அப்பு."

"போகலேன்னா?" என்று நான் கேட்டேன்.

கொழுந்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போகலேன்னா என்ன மதினி, அடுத்த ஏலத்துல வைப்போம். அண்ணன் பொஞ்சாதி கேக்குற கேள்வியா இது?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் தோட்டக்காரர் காயை ஏல மையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்து, முகர்ந்து, கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுவார்கள். வந்த விலை பிடிக்கவில்லை என்றால் தோட்டக்காரர் கொடுக்க மாட்டேன் என்று வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் கௌரவமே அதில்தான் இருக்கிறது. வாபஸ் வாங்கியவருடைய காயை அடுத்த வாரம் வியாபாரி கொஞ்சம் மரியாதையோடு தொடுவான். என் மாமனார் ஒரு வருஷம் ஏலத்துக்கு ஏலம் வாபஸ் வாங்கி, கடைசியில் தான் நினைத்த விலைக்கே விற்றார். அதை இன்னும் கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான் என் மகனும். எத்தனை ஊர் சுற்றினால் என்ன, போடிக்காரன் புத்தி போகுமா.

அவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. "சல்லிசா எடுத்தா சல்லிசாத்தான் நடத்துவாய்ங்க ஆத்தா. தண்ணி பாட்டில் தூக்கினது போதும்," என்றான். விலையைத் தூக்கி எழுதி அனுப்பினான். ஏஜெண்டு மூன்று முறை போன் செய்தார். கொழுந்தனார் எடுக்கவிடவில்லை.

ஏலத்தன்று மத்தியானம் என் வீட்டுக் கூடத்தில் கொழுந்தனாருடைய வியாபாரக் கூட்டாளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். செருப்புகள் வாசலில் மலையாகக் கிடந்தன. லட்டு ஒரு கூடை வந்தது. புது ஃப்ளெக்ஸ் முன்கூட்டியே அடித்துச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. அணியின் பெயர் மட்டும் தெரியாததால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தார்கள். பிறகு ஒட்டிக்கொள்வார்களாம். இந்த முன்யோசனையில் பாதியைக் காய்க்கு மருந்தடிக்கிற நாளைத் தீர்மானிப்பதில் காட்டியிருந்தால் போடியில் பாதிப் பேர் பணக்காரர்கள்.

டிவியில் சுத்தியல் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். சுற்றிலும் வட்ட மேசைகள், கோட்டுப் போட்டவர்கள், கம்ப்யூட்டர்கள். ஒருவனும் ஒருத்தனைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஓடவிட்டுப் பார்க்கவில்லை. மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பெயர் பெயராகப் படித்தார், கை கையாகத் தூக்கினார்கள். மட்டை பிடிக்கிறவன் வந்தால் மேசை எல்லாம் விழித்துக்கொண்டது. சாயங்காலம் ஆகிற நேரத்தில் என் மகன் பெயர் வந்தது. படமும் வந்தது. கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சுத்தியல்காரர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு மேசையில் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலை வைத்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். எனக்கு ஒருதரம் மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

கூட்டம் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றது. கொழுந்தனார்தான் முதலில் தெளிந்தார். முகத்தில் பெருமைகூட வந்தது.

"வாபஸ் வாங்கிட்டான்யா நம்ம பய," என்றார். "வெலை பத்தலை. குடுக்கலைண்டு சொல்லிட்டான்."

"அப்படிப் போடு," என்றார் ஒரு வியாபாரி. இன்னொருவர், "தாத்தன் ரத்தம்ல," என்றார். ஒருவர் லட்டை எடுத்துக் கடித்தார்.

என் மகன் உள் அறையில் இருந்தான். கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

"அதுல வாபஸெல்லாம் கெடையாது சித்தப்பா. என்னைய எவனும் கேக்கலை."

லட்டைக் கடித்தவர் அதை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"சரி போகட்டும்," என்றார் கொழுந்தனார். "அடுத்த ஏலம் என்னைக்கு?"

"அடுத்த வருசம்."

"ஒரு வருசமா?" அவருக்கு அது நம்பமுடியாத செய்தி. தனக்குள்ளே பேசுகிற மாதிரிச் சொன்னார். "அம்புட்டு நாள் வச்சிருந்தா காய் நெறம் போயிரும்ல."

விற்காமல் போன பெயர்களைக் கடைசியில் இன்னொரு தடவை படிப்பார்கள் என்று என் மகன் மெதுவாகச் சொன்னான். உட்கார்ந்தார்கள். படித்தார்கள். அதிலும் அவன் பெயர் வரவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, மதினி வர்றோம், அத்தாச்சி வர்றோம் என்று, ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் நான் காபி கொடுக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த லட்டுக் கூடையை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

ஆரம்ப விலை குறைவாக வைத்திருந்தவர்கள், என் மகனைவிட மெதுவாகப் போடுகிறவர்கள், நாலைந்து பேர் அன்று விலை போனார்கள் என்று ஏஜெண்டு போனில் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் அவரும் ஒரு வியாபாரிதானே.

காய் எடுப்பு நடந்துகொண்டிருந்ததால் நான் மலைக்குப் போக வேண்டியிருந்தது. மகனும் ஜீப்பில் ஏறினான். தோட்டத்தில் இருந்தபோது சொல்லவே வாய் கூசுகிற அளவுக்கு வேலை செய்தான். ஆட்களை அதட்டத் தெரியவில்லை, காய்ப் பக்குவம் தெரியவில்லை, சேறு கண்டால் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தான். காலையில் மட்டும் சரிவில் மேலே ஏறிப் போவான். நான் ஸ்டோருக்குள் காய் பொறுக்குகிற பெண்களோடு இருப்பேன். தகரக் கதவில் டமார் என்று விழும். பெண்கள் திடுக்கிட்டுக் காயைச் சிந்துவார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி டமார். பதினைந்து வயதில் போட்ட அதே சத்தம். இத்தனை வருஷம் ஊர் உலகமெல்லாம் சுற்றி என்ன கற்றுக்கொண்டு வந்தான் என்று எனக்கு விளங்கவில்லை.

உலர்ந்த காயைப் போடிக்கு அனுப்புகிற நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பில் தார்ப்பாய் கிழிந்திருந்தது. டிரைவர் பின்னால் கிடந்த ஒரு சுருளை எடுத்து உதறினார். கொழுந்தனார் வீட்டில் இடமில்லை என்று ஜீப்பில் போட்டுவைத்திருந்த அந்தப் புது ஃப்ளெக்ஸ். என் மகன் முகம், பக்கத்தில் பெயர் எழுதாத வெள்ளை இடம். டிரைவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"கொண்டாங்கண்ணே, நல்லா கனமாத்தான் இருக்கு," என்றான் மகன். மூட்டைகளின் மேல் தன் முகத்தைத் தானே விரித்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். போடிமெட்டு இறங்குகிற வரை மழை விடவில்லை. காய் ஒன்றுகூட நனையவில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கள் சரக்கு நல்ல சரக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அவனுக்கு ஒரு போன் வந்தது. பெரிய போட்டியில் ஆடுகிற ஒரு அணி, ஆட்டத்தில் சேர்ப்பதற்கு அல்ல, பயிற்சியில் தங்கள் மட்டைக்காரர்களுக்குப் பந்து போட ஆள் கேட்டது. நாள் முழுக்கப் போட வேண்டும். பெயர் எங்கேயும் வராது. சீசன் முடிந்ததும் போய்விட வேண்டும். இடையில் யாருக்காவது அடிபட்டு, அவர்களுக்கு மனமும் இருந்தால், உள்ளே சேர்த்தாலும் சேர்ப்பார்கள். சேர்க்காமலும் இருப்பார்கள்.

செய்தி கேட்டுக் கொழுந்தனார் மலைக்கே ஜீப்பு பிடித்து வந்துவிட்டார்.

"கூலிக்கா? கூலிக்குப் பந்து போடவா போற? நம்ம குடும்பத்துல எவனாச்சும் இன்னொருத்தன் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருக்கானா அப்பு? ஒரு வருசம் சும்மா இரு. அடுத்த ஏலத்துல வெலையை இன்னுங் கொஞ்சம் தூக்கி வச்சு..."

மகன் என்னைப் பார்த்தான். "நீ என்ன ஆத்தா சொல்ற?"

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டோர் வாசல்படியில் ஒரு ஜோடி புது ஷூ இருந்தது. இடது ஷூவின் முன்பக்கத்தில் ஓட்டை போட்டாகிவிட்டது. அறுத்தெடுத்த வட்டத் துண்டு படியிலேயே கிடந்தது. ஓட்டை போட்ட ஷூவைக் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். அப்புறம் என்னிடம் என்ன கேள்வி.

"தம்பி," என்றேன் கொழுந்தனாரிடம், "நீங்க வெலை வச்சுப் பாத்தீக. போகலை. இப்பச் சரக்கு தானா நடந்து போகுது. வழியில நிக்காதீக."

"மதினி, நீங்களுமா? ஊர்ல என்ன சொல்லுவாக?"

"ஊருக்கு லட்டு குடுத்தீகள்ல. அதைத் தின்னுட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

அந்த வேலையை மதித்து நான் அப்படிச் சொல்லவில்லை. எவனோ ஒருவன் அடித்துப் பழகுவதற்காக வெயிலில் நாள் முழுக்க ஓடி வந்து பந்து போடுகிற வேலையில் மதிக்க என்ன இருக்கிறது. எதிரே நின்ற மனிதரை மதிக்காததால் சொன்னேன். அவர் வந்த ஜீப்பிலேயே மகன் பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினான். போடி வரை சித்தப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னார்.

இப்போது அந்தச் சீசன்தான் நடக்கிறது. இதுவரை அவனை உள்ளே சேர்க்கவில்லை. சேர்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. எங்கள் தெருவில் இந்த வருஷம் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்கள் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் உட்கார்கிறார்கள். நான் சற்று முன்னாலேயே டிவியைப் போட்டுவிடுவேன். ஆட்டத்துக்கு முந்தி மைதானத்து ஓரத்தில் கோட்டுப் போட்ட இரண்டு மூன்று பேர் நின்று, அன்றைக்கு என்ன நடக்கும் என்று நடக்காததை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவர்களுடைய தோளுக்குப் பின்னால் தூரத்தில் பந்து போட்டுப் பழகுகிறவர்கள் தெரிவார்கள். எறும்பளவுதான் இருப்பார்கள், முகம் தெரியாது. அதில் ஒரு எறும்பு மட்டும் சமதரையில் சரிவு இறங்குகிற மாதிரி பின்னுக்குச் சாய்ந்து ஓடி வரும். கோட்டுக்காரர் கையை ஆட்டினால் மறைந்துவிடும். கையை இறக்கினால் மறுபடி ஓடி வரும். இத்தனை பெரிய கேமராவை வைத்துக்கொண்டு இந்தக் கோட்டுக்காரர்களை எதற்குக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் கொழுந்தனார் வந்தார். வாசலிலேயே டிவி ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மதினி, கிரிக்கெட்டா பாக்குறீக? பயலை எங்கயாச்சும் காட்டுறாய்ங்களா?"

அப்போதுதான் ஆட்டம் தொடங்கி, மட்டைக்காரர்கள் இரண்டு பேர் கைதட்டுக்கு நடுவே உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றேன். டிவியை அணைத்தேன். "வந்த சோலி என்ன, சொல்லுங்க."